நேற்றையது

ஒக்டோபரில் டொக்டர் ஒரு தாளில்
எண் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டுத் தந்தார்.
அன்றிரவே சோற்றுச் சட்டி சிறுத்தது.
மேசை நடுவில் கண்ணாடிக் கோப்பை,
அதற்குள் பச்சை.
"என்னப்பா இது, ஆட்டுக்குக் கட்டுற குழையோ?"
என்றார் சுகிர்தன்.
தின்றார்.
பிறகு பிரிட்ஜைத் திறந்து
கனநேரம் அந்த வெளிச்சத்தில் நின்றார்.

முதல் கிழமை ஐஸ்பேர்க், வெள்ளரி, தக்காளி.
இரண்டாம் கிழமை தக்காளி, வெள்ளரி, ஐஸ்பேர்க்.
மூன்றாம் கிழமை அவர் கோப்பையைப் பார்க்கவில்லை,
என்னையும்.

பீல் பழைய நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில்
திருமதி க்னேகி ஒருவருக்கு ஜெர்மனில் நிறை சொல்லி
அடுத்தவருக்குப் பிரெஞ்சில் மிச்சக்காசு கொடுப்பார்.
எனக்கு இரண்டிலும் அரைகுறை.
"வேறை ஏதும் இருக்கோ?"
அது மட்டும் இரண்டிலும் மனப்பாடம்.
அவர் எடுத்து நீட்டினார்:
எலிக்காதளவு இலைகள், வேரில் மண்ணோடு;
இருட்டில் வளர்த்த சிக்கோரி, வெளிறி, கசந்து;
ஒரு நோக்கோல், ஊரில் கறிக்கு மட்டும் தெரிந்த முகம்,
இங்கே பச்சையாய்க் கடித்தால் ஆப்பிளின் ஒன்றுவிட்ட சகோதரம்.

கைக்கடிகாரத் தொழிற்சாலையில்
நாளெல்லாம் ஒரே திருகாணி எண்ணுகிறவள் நான்.
ஒன்று மற்றதைப் போல் இருந்தால்தான் சம்பளம்.
வீட்டுக்கு வந்தால் நேர்மாறு வேலை.

பழகிக்கொண்டேன்.
பல்லுக்கு ஒன்று வேண்டும்.
புளிப்பு தேசிக்காயிலிருந்துதான் வரவேண்டுமென்றில்லை,
நேற்றுத் தோலுரித்த தோடம்பழம் போதும்.
பீட்ரூட்டைக் கடைசியில் போடு,
முதலில் சேர்த்தால்
கோப்பை முழுக்கத் தன் கட்சியாக்கிவிடும்.
துருவினால் ஒரு கரட்,
நாடாவாகச் சீவினால் வேறு கரட்.
ஒருநாள் பச்சைக் கோவாவின் தலையில்
கடுகும் செத்தல்மிளகாயும் தாளித்துக் கொட்டினேன்.
அது சீறியது.
செய்தி பார்த்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கருவாடு பொரித்துத் தூவிய செவ்வாய்க்கிழமையைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.
மேல்வீட்டு மொசியே ஷொஃபா பேசினார்.

பெப்ரவரி. ஏரிப் பக்கமிருந்து தோலை உரிக்கும் காற்று.
அன்று வேலை முடிய ஏழரை.
சந்தைக்கு இன்னும் மூன்று நாள்.
கைக்கு வந்ததைக் கோப்பையில் போட்டேன்,
போத்தல் அடிகளில் மிஞ்சியதை ஊற்றினேன்,
சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை.
அவர் பேசாமல் தின்றார்.
அடியில் தேங்கியதை
டொக்டர் மறுத்த பாண் துண்டால் துடைத்தெடுத்தார்.
அதைக் கண்டும் காணாமல் விட்டேன்.

மறுநாள் பின்னேரம் தொலைபேசி:
"நேற்றையதே செய்யுறியோ?"

நாலு மாதம் ஒன்றைப் போல் ஒன்று வராமல்
அடுப்படியில் தலையைப் பிய்த்துக்கொண்டவளிடம்
கேட்கிற கேள்வி.

பிரிட்ஜைத் திறந்தேன்.
பாதி பெயார்ஸ், வெட்டிய பக்கம் கறுத்து.
ஆகவே பெயார்ஸ் இருந்தது.
அவித்த கடலை? இருந்திருக்கலாம்.
எண்ணெய் ஊறுகாய்ப் போத்தலிலிருந்தா,
வேறெதிலிருந்துமா?
போத்தல்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன,
சாட்சி சொல்ல மறுத்தபடி.

அவர் வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"கடிச்சா வெடிக்கிற மாதிரி ஒன்று இருந்தது."
"வாதுமைக்கொட்டையோ?"
"இல்லை, அதிலும் சின்னன்."
"மாதுளை?"
"நீ மாதுளை வாங்கினாயோ?"
"இல்லை."
"அப்ப?"
பிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்ததால்
எங்கள் இருவர் மேலும் கத்தத் தொடங்கியது.

எழுதி வைத்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை.
தட்டிலிருந்து ஒரு கரட்டை எடுத்தார்.
கல்யாணம் முடித்துப் பத்தொன்பது வருடத்தில்
அந்தக் கத்தியை அவர் கையில் நான் கண்டதில்லை.
வட்டமாக, ஒரு விரல் தடிப்பில்,
ஒன்று சாய்ந்து, ஒன்று பருத்து,
வெட்டிக்கொண்டே போனார்.

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
இப்படியொரு கரட்டை
அந்தக் கோப்பை இன்னும் கண்டதில்லை.